சுங்கை சிப்புட்ல சோத்த அளந்து போடுற கடை

மலேசியாவுல பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்ல இனிப்புநீர் (சர்க்கர வியாதி) இருக்கிறவங்க, இல்ல வயித்துக் கொழுப்ப குறைக்கணும்னு நெனைக்கிறவங்க, மத்தியானத்துக்கு எங்க சாப்புடலாம்னு என்கிட்ட நெறைய பேரு கேக்குறாங்க. எனக்கு இடுப்பு எறங்குனது பாக்குறவங்களுக்கே தெரியுது, அதான் கேக்குறாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்குப் பதிலா இங்கயே விலாவாரியா எழுதிடுறேன்.

கடை டவுன்லதான், மார்க்கெட்டுக்குப் பின்னால உள்ள கடை வரிசையில, ஒரு டயர் கடைக்கும் துணி தைக்கிற கடைக்கும் நடுவுல. போர்டு சின்னது, தேடித்தான் பாக்கணும். ஒரு அக்காவும் அவங்க மருமகளும் நடத்துறாங்க. அக்கா முந்தி ஸ்கூல் கேன்டீன்ல சமைச்சவங்க, வீட்டுக்காரருக்கு இனிப்புநீர் முத்திப்போயி கால் வெரல எடுக்கவேண்டி வந்ததுக்கு அப்புறம் வீட்டுச் சமையல மொத்தமா மாத்துனாங்களாம், அந்தச் சமையலதான் இப்ப கடையில போடுறாங்க. காலையில 11 மணிக்கு தொறந்து 3 மணிக்கு மூடிடுவாங்க, ஞாயித்துக்கெழம லீவு.

மத்த கடையில எப்படி? உக்காந்த ஒடனே வாழ எலையில வெள்ளச் சோறு மலையாட்டம் விழும், அது மேல கறி, ஓரத்துல ஸ்பூன் அளவுக்கு ரெண்டு காய், சோறு தீர்றதுக்குள்ள "இன்னும் கொஞ்சம் போடவா அண்ணே"ன்னு ரெண்டாவது தடவ வந்து கொட்டிட்டுப் போவாங்க. இங்க அப்படியில்ல. மொதல்ல காய் வரும், மூணு வகை, நல்லாவே நெறைய. முருங்கைக்கீர பெரட்டல், பெண்டிக்கா, கோவக்கா, நீளப் பயத்தங்கா, பாவக்கா, வாழப்பூ, கங்கோங், அன்னிக்கு என்ன மலிவா கெடைக்குதோ அது. கூடவே மீனோ கோழியோ. இத பாதிக்கு மேல சாப்பிட்ட பொறவுதான் சோறு வரும், அதுவும் ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்துல அளந்து கவுத்துவாங்க. மொத தடவ வர்றவங்க "சோறு எங்கக்கா"ன்னு சத்தம் போடுறத நானே பாத்திருக்கேன், அக்கா அசரவே மாட்டாங்க, "மொதல்ல காயச் சாப்புடு தம்பி, சோறு எங்கயும் ஓடிப்போகாது"ம்பாங்க.

இந்த வரிசை அக்காவோட கண்டிப்பு மட்டும் இல்ல, இதுக்கு வெவரம் இருக்கு. அதே சாப்பாட்ட அதே அளவுல எடுத்துக்கிட்டாலும், காயும் புரதமும் மொதல்லயும் சோறு கடைசியிலயும் போனா சாப்பிட்ட பிறகு சர்க்கர ஏறுற வேகம் கொறையுதுன்னு ஆய்வுகள்லயே பாத்திருக்காங்க. நார்ச்சத்தும் புரதமும் வயித்துல மொதல்ல எறங்குறதால எல்லாம் மெதுவாத்தான் கொடலுக்குப் போகுது, அதனால சர்க்கரயும் மெதுவா ரத்தத்துல கலக்குது. நம்ம கிளினிக் கெசிஹாத்தான் (அரசாங்க சுகாதார கிளினிக்) செவுத்துல ஒட்டியிருக்கிற "சுகு சுகு செப்பாரோ" படம் எல்லாருக்கும் தெரியும், தட்டுல கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் எறச்சி, பாதி தட்டு காயும் பழமும். அந்தப் படத்த பாத்துட்டு வீட்டுக்கு வந்து நம்ம சாப்பாட்டுல எப்படி கொண்டு வர்றதுன்னு தெரியாம முழிக்கிறவங்கதான் அதிகம். இந்தக் கடையில அது கெம்போங் மீன் (கானாங்கெளுத்தி) கொழம்போட, ரசத்தோட, ஊறுகாயோட, நம்ம சாப்பாடாவே தட்டுல வருது. எனக்கு இந்தக் கடைய புடிச்சதுக்கு மொத காரணம் இதுதான்.

சோறு வெசயத்துக்கு வர்றேன். வெந்த வெள்ளச் சோறு 100 கிராம்ல ஏறக்கொறைய 28 கிராம் மாவுச்சத்து இருக்கு. எலச் சாப்பாட்டுல ரெண்டாவது தடவயும் வாங்கிக்கிட்டா சும்மாவே 300 கிராம் சோறு உள்ள போயிடும், அதாவது 80 கிராமுக்கு மேல மாவுச்சத்து, சோத்துல மட்டும். அதுக்கு மேல உருளக்கெழங்கு பெரட்டல், பருப்பு, அப்பளம், ஒரு கிளாஸ் சீராப்பு (சீனிப் பாகுத் தண்ணி). அக்காவோட கிண்ணத்துல 100 கிராம் போலத்தான் புடிக்கும். அரிசியும் புழுங்கல் அரிசி, சில நாளு பாஸ்மதி, ரெண்டுமே சாதாரண வெள்ள அரிசிய விட கொஞ்சம் மெதுவாத்தான் சர்க்கரய ஏத்தும். ஆனா ஒண்ணு, புழுங்கல் அரிசிதானேன்னு மூணு கிண்ணம் வாங்குனா எந்தப் பிரயோஜனமும் இல்ல, அளவுதான் மொதல்ல, அரிசி வகை அதுக்கு அப்புறந்தான்.

நான் மீட்டர் வச்சு குத்திப் பாக்குற ஆளு, அதனால வாய் ருசிய மட்டும் வச்சு பேசல. இங்க கெம்போங் மீன் செட் சாப்புடுறதுக்கு முன்னால 6.1, சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு 7.6. வேற ஒரு கடையில வழக்கமான எலச் சாப்பாட்டுக்கு அப்புறம் 11க்கு மேல போச்சு. இந்த எண்ணெல்லாம் மில்லிமோல் கணக்கு, தமிழ்நாட்டு வீடியோ பாக்குறவங்க குழம்பிடாதீங்க, அங்க 110, 140ன்னு வேற கணக்குல சொல்வாங்க, நம்ம எண்ண 18ஆல பெருக்குனா அவங்க எண் வரும். இனிப்புநீர் உள்ளவங்களுக்கு சாப்பிட்டு ரெண்டு மணி நேரத்துல 8.5ஐ தாண்டாம பாத்துக்கணும்னு நம்ம ஊரு டாக்டருங்க சொல்ற அளவு. என் ஒடம்புக்கு வர்ற எண்ணு உங்களுக்கும் அப்படியே வரும்னு நெனைக்க வேணாம், ஆளுக்கு ஆளு மாறும், ஒரு மீட்டர் வாங்கி நீங்களே குத்திப் பாருங்க.

இப்ப கொழுப்புக்கும் இதுக்கும் என்னா சம்மந்தம்னு கேக்குறவங்களுக்கு. மாவுச்சத்து ரத்தத்துல சர்க்கரையா ஏறுன ஒடனே கணையம் இன்சுலின விடுது. இன்சுலின் சர்க்கரய செல்லுக்குள்ள தள்ளுற அதே நேரத்துல ஒடம்புல சேத்து வச்ச கொழுப்பு கரையுறதயும் நிறுத்தி வைக்குது. காலையில ரொட்டி சானாய் (பரோட்டா மாதிரி), பத்து மணிக்கு தே தாரேக் (இனிப்புப் பால் தேத்தண்ணி), மத்தியானம் சோத்து மல, நாலு மணிக்கு கறி பாப்பும் மைலோவும், ராத்திரி திரும்ப சோறு, இப்படி நாள் பூரா ஏத்திக்கிட்டே இருந்தா கொழுப்பு வெளிய வர்றதுக்கு நேரமே கெடைக்காது, வயித்தச் சுத்தியும் ஈரல்லயும் கூடிக்கிட்டேதான் போகும், ஈரல்ல கொழுப்பு கூடக் கூட இன்சுலின் பேச்ச ஒடம்பு கேக்காது, அப்ப கணையம் இன்னும் அதிகமா விடும். ஆனா இதுலயும் ஒரு உண்மைய சொல்லணும், சர்க்கரய அடக்குனா மட்டும் கொழுப்பு தானா கரைஞ்சிடாது, மொத்தமா உள்ள போற கலோரியும் கொறையணும். இந்த மாதிரி சாப்பாட்டோட லாபம் என்னன்னா காயும் மீனும் வயித்த நெறைச்சு வச்சிருக்கிறதால நாலு மணிக்குப் பசியே எடுக்காது, கறி பாப்பு தட்டு பக்கம் கண்ணு போகாது, அங்கதான் கலோரி மிச்சமாவுது. என் அனுபவத்துல வித்தியாசம் பண்ணுனது அதுதான்.

நம்ம ஆளுங்களுக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம்னு நான் சத்தமாவே சொல்வேன். 2019ல சுகாதார அமைச்சு எடுத்த ஆய்வுல நாட்டுல பெரியவங்கள்ல 18.3 சதவீதம் பேருக்கு இனிப்புநீர், 2023ல 15.6. எறங்கியிருக்கு, சந்தோஷம். ஆனா இனம் இனமா பிரிச்சுப் பாத்தா 2019 கணக்குல இந்தியர்கள்தான் மேல, பத்துல மூணு பேருக்குக் கிட்ட. ஒல்லியா இருக்கிற நம்ம ஆளுங்களுக்கும் வயித்துல மட்டும் கொழுப்பு கட்டிக்கும், அதனால எடை மெஷின மட்டும் நம்பாம அளவு நாடா வச்சுப் பாக்கணும், ஆம்பளைங்களுக்கு 90 சென்டிமீட்டர், பொம்பளைங்களுக்கு 80, அத தாண்டுனா கவனிக்கணும்.

"அந்தக் காலத்துல நாங்க மூணு வேளையும் சோறுதான் தின்னோம், எங்களுக்கு என்ன வந்துச்சு"ன்னு பெரியவங்க கேப்பாங்க. எங்க அம்மாவும் கேட்டாங்க. அவங்க லிந்தாங் ரோட்டுப் பக்கம் தோட்டத்துல ரப்பர் மரத்துல பால் வெட்டுனவங்க. விடியிறதுக்கு முந்தியே எழுந்து சீனி போட்ட கோப்பி ஓ (பால் இல்லாத கோப்பி) ஒரு மங்கு குடிச்சிட்டு பெரட்டுக்கு (காலையில பேர் கூப்புடுற எடத்துக்கு) ஓடணும், அப்புறம் நூத்துக்கணக்கான மரம், மேடும் பள்ளமும், வெட்டி முடிச்சு திரும்ப அதே மரத்துக்கெல்லாம் நடந்து பால் எடுக்கணும், வாளிய தூக்கிக்கிட்டு ஸ்டோருக்குப் போகணும். அந்த ஒடம்புக்குள்ள போன சோறு தசைக்குப் போச்சு, தசை வேல செய்யிறப்ப இன்சுலினோட தயவு இல்லாமயே சர்க்கரய இழுத்துக்கும். அப்புறம் ரப்பர் போயி செம்பன (எண்ணெய்ப் பன) வந்துச்சு, லயத்த (தோட்டத்து வரிசை வீட்ட) காலி பண்ணச் சொன்னாங்க, தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) வந்தோம், பிள்ளைங்க ஃபேக்டரியில நின்ன எடத்துல வேல, இல்ல லோரி ஓட்டுறது, இல்ல கார்டு வேல. நடை போச்சு, சோத்தோட அளவும் கோப்பியில சீனியோட அளவும் மட்டும் அப்படியே இருந்துச்சு. தோட்டத்துல கெடச்ச கீர, காட்டுக் காய், கருவாடு எல்லாம் கொறைஞ்சு அந்த எடத்துல மீ கோரேங்கும் (பெரட்டுன நூடுல்ஸ்) பாக்கெட் பானமும் வந்துச்சு. அம்மாகிட்ட இத பொறுமையா எடுத்துச் சொன்னேன். இந்தக் கடைக்கு கூட்டிட்டு வந்தப்ப மொதல்ல மொறைச்சாங்க, அப்புறம் அந்த நெத்திலி போட்ட முருங்கைக்கீரய ரெண்டு வாட்டி கேட்டு வாங்குனாங்க, "லயத்துல ஆக்குன மாதிரி இருக்கு"ன்னாங்க. இதுக்கு மேல ஒரு பாராட்டு அவங்க வாயில இருந்து வராது.

ருசிய பத்தி தனியா சொல்லியாகணும், ஏன்னா ஒடம்புக்கு நல்ல சாப்பாடுன்னாலே உப்பு ஒரைப்பு இல்லாத பத்தியச் சாப்பாடுன்னு ஒரு நெனப்பு இருக்கு. இங்க மீன் கொழம்பு புளிப்பும் ஒரைப்பும் சரியா இருக்கும், மொளகுக் கோழி பெரட்டல் தொண்டயில நிக்கும், தெம்பேயும் (புளிக்க வச்ச சோயா) நெத்திலியும் போட்டு ஒரு சம்பால் பண்ணுவாங்க பாருங்க, அத ஒரு தடவ சாப்பிட்டவங்க திரும்ப வருவாங்க. பாவக்காய வட்டமா நறுக்கி கொஞ்சமா எண்ணெய் விட்டு மொறுமொறுன்னு வாட்டுவாங்க, எங்க வீட்டுப் பிள்ளைங்களே அத சாப்புடுதுங்க. பெகாகா, நம்ம வல்லாரதான், பச்சையா தேங்காப்பூ வெங்காயம் சேத்து வைப்பாங்க. ரசம் எவ்வளவு கேட்டாலும் கெடைக்கும். அப்பளம் மட்டும் ஆளுக்கு ஒண்ணு, அக்கா ரெண்டாவது தர்ற பேச்சே இல்ல.

குடிக்கிறதுக்கு பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங், கோப்பி ஓ கோசோங் (கோசோங்னா சீனி இல்லாம), மோர், எலுமிச்ச தண்ணி, அவ்வளவுதான். சீனி போட்ட கெட்டிப்பால் டின்னு கடையிலயே கெடையாது. அந்தப் பால்ல பாதிக்கு மேல சீனிதான், ஒரு கிளாஸ் தே தாரேக்ல ரெண்டு மூணு கரண்டி ஊத்துறாங்கன்னா கணக்கு போட்டுக்குங்க. தே வேணும்னா சீனியில்லாத பசும்பால் ஊத்தி ஆத்திக் குடுப்பாங்க, நொரை நல்லா வரும், பழகிட்டா பழைய இனிப்பு வாயில ஒட்டாது. 2019 ஜூலையில இருந்து 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல சீனி உள்ள சோடா மாதிரி பாட்டில் பானத்துக்கு அரசாங்கம் வரி போட்டிருக்கு, ஆனா கடையில கலக்குற தே தாரேக்குக்கு அந்த வரி எதுவும் கெடையாது, அங்க "கோசோங்"னு நாமதான் வாயத் தொறந்து சொல்லணும்.

கொறைங்களும் இருக்கு, மறைக்க மாட்டேன்.

மொதல்ல கேவுரு புட்டு. "இனிப்புநீருக்கு நல்லது"ன்னு எழுதி போட்டிருக்காங்க, கூட குலா மேலாக்கா (பன வெல்லம் மாதிரி) வேற. கேவுருல நார்ச்சத்தும் கால்சியமும் இருக்குறது உண்மதான், ஆனா நைசா அரைச்ச மாவு எதுவா இருந்தாலும் சீக்கிரம் செரிச்சு சர்க்கரய ஏத்திடும், அதுல வெல்லம் சேந்தா கேக்கவே வேணாம். என் மீட்டர்ல 10.9 காட்டுச்சு. வெல்லம், நாட்டுச் சக்கர, குலா மேலாக்கா, தேனு எல்லாம் ரத்தத்துல போயி சேந்தா சர்க்கரதான். அக்காகிட்ட இத சொன்னேன், காது குடுத்து கேட்டாங்க, ஆனா நான் கடைசியா போனப்ப அந்த எழுத்து இன்னும் அங்கதான் இருந்துச்சு. அத எடுக்கணும்.

ரெண்டாவது, வெள்ளிக்கெழம குருமா. தேங்காப்பால் கெட்டியா ஊத்துறாங்க. தேங்காப்பால் சர்க்கரய அவ்வளவா ஏத்தாது, மீட்டர்ல அழகான எண்ணுதான் வரும், ஆனா கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்துக்கு 4தான். சர்க்கர எண்ண மட்டும் பாத்துட்டு குருமாவ ரெண்டு கிண்ணம் குடிச்சா எடை எறங்காது. சர்க்கரைக்கு மட்டும் பாக்குறவங்களுக்கு பரவாயில்ல, இடுப்பு குறைய வர்றவங்க இத ஒரு கரண்டியோட நிறுத்திக்குங்க.

மூணாவது எனக்கு உண்மையிலேயே கோவம் வர்ற விசயம். கல்லாப் பெட்டிக்குப் பக்கத்துல யாரோ கொண்டு வந்து வச்சிட்டுப் போன பொடி பாக்கெட்டு, "மாத்திரய நிறுத்தலாம்"னு எழுதியிருக்கு. 1956ஆம் வருஷ மருந்து விளம்பரச் சட்டத்துல இனிப்புநீர குணப்படுத்தும்னு விளம்பரம் பண்றதே தப்பு. பதிவு பண்ணுன மருந்துன்னா பாக்கெட்டுல மால் (MAL) பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கணும், இதுல ரெண்டும் இல்ல. கிளினிக்ல குடுத்த மாத்திரய தூக்கிப் போட்டுட்டு பொடி குடிச்சு கிட்னி போனவங்க கத நம்ம தோட்டப்புறத்துல நெறைய கேட்டாச்சு. இவ்வளவு நல்ல சாப்பாடு போடுற கடையில அந்தப் பாக்கெட்டு இருக்கவே கூடாது.

மாத்திரன்னு சொன்னதும் இதயும் சொல்லிடுறேன், கவனமா படிங்க. இன்சுலின் ஊசி போடுறவங்க, இல்ல கிளிக்லசைட் மாதிரி மாத்திர சாப்புடுறவங்க, இந்த மாதிரி திடீர்னு சோத்த கொறைச்சா சர்க்கர ரொம்ப கீழ எறங்கிடலாம். 4க்கு கீழ போனா கை நடுங்கும், வேர்க்கும், கண்ணு இருட்டும், மயக்கமே வரலாம். அதனால டாக்டர்கிட்ட சொல்லி மருந்து அளவ சரி பண்ணிட்டுத்தான் ஆரம்பிக்கணும். கிட்னியில பிரச்சன உள்ளவங்களும் மீன் எறச்சிய கூட்டுறதுக்கு முந்தி கேட்டுக்கணும். இந்த ஒரு விசயத்துல அக்காவ எவ்வளவு பாராட்டுனாலும் தகும், புதுசா வர்ற வயசானவங்ககிட்ட "ஊசி போடுறீங்களாய்யா"ன்னு கேட்டுட்டுத்தான் கிண்ணத்த எடுப்பாங்க, ஊசி போட்டுட்டு வந்திருந்தா சோறு கொஞ்சம் கூட வைப்பாங்க.

வெலை: மீன் செட் 10 வெள்ளி (ரிங்கிட்), கோழி 9, சைவம் 7.50. பக்கத்து ஒட்டுக்கடையில இத விட மலிவா வயிறு முட்டச் சோறு கெடைக்கும், உண்மதான். ஆனா காய் இன்னிக்கு விக்கிற வெலைக்கு மூணு வகை காயும் முழு மீனும் இந்த வெலையில குடுக்குறது நியாயம்னுதான் சொல்வேன். நாள் கூலிக்குப் போறவங்களுக்கு தெனமும் 10 வெள்ளி கஷ்டம், அவங்க சைவ செட்டு வாங்கி ஒரு அவிச்ச முட்ட சேத்துக்கலாம், முட்ட 1 வெள்ளி. இன்னொரு வழி, காயும் மீனும் மட்டும் புங்குஸ் (பார்சல்) கட்டிட்டுப் போயி வீட்டுச் சோத்த ஒரு கிண்ணம் வச்சுக்கிறது, எங்க வீட்டுல பாதி நாளு அப்படித்தான்.

சாப்பிட்டு எழுந்த ஒடனே காடியில ஏறி உக்காராதீங்க, கடை வரிசைய சுத்தி பத்து பதினஞ்சு நிமிசம் நடந்தா சாப்பாட்டுச் சர்க்கர ஏறுறது இன்னும் கொறையும், நான் அப்படியே மார்க்கெட்ட ஒரு சுத்து சுத்திட்டு ராத்திரிக்கு கீர வாங்கிட்டு வந்துடுவேன்.

அஞ்சுக்கு நாலு குடுப்பேன். அந்தப் பொடி பாக்கெட்டும் கேவுரு புட்டு போர்டும் போனா நாலர. மீதி அரை எதுக்குன்னா ராத்திரி கடை இல்ல. நம்ம வீடுகள்ல வேல முடிஞ்சு வந்து ராத்திரி ஒம்பது மணிக்கு சாப்புடுறதுதான் பெரிய சாப்பாடு, சாப்பிட்ட கையோட படுத்துடுறோம், அந்த நேரத்துக்கு டவுன்ல மாமாக் கடையும் (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) பர்கர் ஸ்டாலும்தான் தொறந்திருக்கு. வாரத்துல ரெண்டு ராத்திரியாவது தொறங்கக்கான்னு கேட்டிருக்கேன், சமையலுக்கு ஆள் கெடைச்சா பாக்கலாம்னு சொல்லியிருக்காங்க. இந்தப் பக்கம் சமையல் வேல தேடுற பொம்பளைங்க யாரும் இருந்தா நேரா கடைக்குப் போயி அக்காவ பாருங்க. சாப்பிடப் போறவங்க ஒரு மணிக்கு முந்தியே போயிடுங்க, அதுக்கு மேல கெம்போங் மீன் இருக்காது, வெள்ளிக்கெழம முழுக்க சைவம், அன்னிக்கு தெம்பேயும் தாவுவும் (டோஃபு) கேட்டு வாங்குங்க. வண்டிய டயர் கடை முன்னால நிறுத்தாதீங்க, பின்னால காலி எடம் இருக்கு.